கண்ணு தெரியாம தமிழ்ல கதை எழுத என்விடிஏ எப்படி?

ஸ்க்ரீன் ரீடர்னாலே (கம்ப்யூட்டர் திரைல இருக்குறத வாய்விட்டு வாசிக்கிற சாஃப்ட்வேர்) பேங்க் எக்ஸாமுக்கு படிக்க, ஆபீஸ் மெயில் பாக்கனு தான் ரிவ்யூ வருது, சிறுகதை எழுதுறவன் பக்கத்துலேந்து ஒண்ணு இருக்கட்டுமேனு இது. என்விடிஏ விண்டோஸ்ல ஓடுற இலவச ஸ்க்ரீன் ரீடர், 2006ல ஆஸ்திரேலியால மைக்கேல் கர்ரன்னு பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது. பென்டிரைவ்ல போட்டு அடுத்தவங்க கம்ப்யூட்டர்லயும் ஓட்டலாம்.

கூடவே வர்ற ஈஸ்பீக் குரல் ரோபோ கணக்கா கரகரனு இருக்கும், புதுசா கேக்குறவங்க தெறிச்சு ஓடிடுவாங்க. ஆனா எடிட்டிங்க்கு எனக்கு அதுதான் வேணும், ஏன்னா அது நடிக்காது. இனிமையான குரல்ல கேட்டா மொக்கை டயலாக் கூட உருக்கமா இருக்குற பிரமை வந்துடுது, இது தட்டையா வாசிக்கிறப்ப எந்த வரி நொண்டுதுனு பட்டுனு தெரிஞ்சுடும். கடைசியா விண்டோஸ்ல இருக்குற வள்ளுவர் குரலுக்கு மாத்தி ஒருவாட்டி கேப்பேன் (ஆமா, குரலோட பேரே அதுதான், வள்ளுவரே நம்ம கதைய படிக்கிறாருனு பந்தா பண்ணிக்கலாம்).

எழுத உக்காந்ததும் இன்சர்ட்டோட 2, அப்புறம் இன்சர்ட்டோட 3, ஆஃப்னு சொல்ற வரைக்கும் அமுக்கி, டைப் பண்ற எழுத்தையும் வார்த்தையையும் சொல்றத ஆஃப் பண்ணிடுங்க. தமிழ்99 கீபோர்டு முறைல விரல் ஓடுறப்ப அது ஒவ்வொண்ணா ஒப்பிச்சுட்டே இருந்தா மண்டைக்குள்ள கேரக்டர் பேசுறது கேக்கவே கேக்காது. மேற்கோள் குறிய மூடிருக்கோமானு பாக்கணும்னா இன்சர்ட்டோட பி, எல்லா குறியையும் வாசிக்கிற லெவல் வர்ற வரைக்கும் அமுக்கணும்.

பெரிய தலைவலி ஸ்பெல்லிங் தான். மனம், மணம் ரெண்டும் ஸ்பீடா ஓட்டுறப்ப காதுல ஒண்ணாத்தான் விழும், சாஃப்ட்வேர குறை சொல்ல முடியாது, நாமளே அப்படித்தான பேசுறோம். சந்தேகம் வந்தா அம்புக்குறி கீய வச்சு எழுத்தெழுத்தா போய் பாத்துக்கலாம், சந்தேகமே வராத எடத்துல என்ன பண்றது? அங்கதான் பிரெயில் டிஸ்ப்ளே, அதாவது திரைல இருக்குற எழுத்த தொட்டுப் படிக்கிற பிரெயில் புள்ளியா எழுப்பிக் காட்டுற கருவி. என்விடிஏவோட கனெக்ட் பண்ணா எழுதுனது அப்படியே விரலுக்கு கீழ வந்துடும், ல-வுக்கு இடப்பக்கம் மூணு புள்ளி, ள-வுக்கு வலப்பக்கம் மூணு புள்ளி, ஏமாத்தவே முடியாது. வெலைய கேட்டா தான் மயக்கம் வருது, அதனால எங்கள்ல நெறைய பேரு பார்வை உள்ள ஃப்ரெண்டு யாரையாவது புடிச்சு தான் ஒருவாட்டி படிக்க வைக்கிறோம்.

பத்திரிகைக்காரங்க யாராச்சும் இத படிச்சீங்கன்னா, புரூஃப ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா அனுப்பாதீங்க ப்ளீஸ், என்விடிஏவுக்கு அது வெறும் படம், சாதா வேர்ட் ஃபைல் போதும்.