ரேடாரை மாற்றச் சொன்னால், முதலில் பிரேக் மாட்யூலைப் படிக்கச் சொல்லுங்கள்

என் காரில், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல் நின்றுபோய், அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கூடவே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் எரிந்தது. பணிமனையில், "முன்பக்க ரேடார் போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும்" என்றார்கள். மாற்றி, பெருந்தொகையும் வாங்கிக்கொண்டார்கள். சில நாட்களிலேயே இரண்டு விளக்குகளும் மறுபடி எரிந்தன. போய்க் கேட்டால், "புது ரேடாரிலும் குறை இருக்கலாம், இன்னொன்று வரவழைக்கலாம்" என்று கூசாமல் சொன்னார்கள்.

வேறொரு மெக்கானிக்தான் ஸ்கேனரை இணைத்து, பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினியான பிரேக் மாட்யூலின் பழுதுக் குறியீடுகளையும் படித்தார். பின்சக்கரம் ஒன்றின் வேக சென்சாருக்குப் போகும் ஒயர் உரசித் தேய்ந்து, சமிக்ஞை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பழைய பணிமனை கொடுத்த அறிக்கையில் ரேடாரின் கீழ் இருந்தது ஒரே வரி: பிரேக் மாட்யூலிலிருந்து சரியான தகவல் வரவில்லை. புகார் சொன்ன ரேடாரையே குற்றவாளியாக்கிக் கழற்றியிருக்கிறார்கள்!

ரேடார் முன்னால் போகும் வண்டியின் தூரத்தையும் வேக வித்தியாசத்தையும் அளக்கிறது. பிரேக் பிடிப்பது அதன் வேலையல்ல. வேகம் எவ்வளவு குறைய வேண்டும் என்ற கோரிக்கை, காரின் கணினிகளை இணைக்கும் கேன் பஸ் என்ற ஒயர் இணைப்பு வழியாக பிரேக் மாட்யூலுக்குப் போகிறது. என்ஜின் விசையைக் குறைப்பது போதாதபோது, மாட்யூல் தன் பம்பை ஓட்டி, வால்வுகளைத் திறந்து மூடி, நாம் பெடலைத் தொடாமலேயே சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. பிரேக் விளக்கும் எரிகிறது. சக்கர வேகமும் வண்டி திரும்பும் வீதமும் அதே மாட்யூல் வழியாகத்தான் ரேடாருக்குக் கிடைக்கின்றன. வளைவில் நம் தடத்தில் போவது எந்த வண்டி என்று கணிப்பது அவற்றை வைத்துத்தான். ஒரு சக்கரத்தின் கணக்கு நம்பத்தகாததாகிவிட்டால் க்ரூஸ் கண்ட்ரோல் விலகிக்கொள்வது பாதுகாப்புக்காகவே.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறு. புது ரேடாரைப் பொருத்தியவர்கள் அதன் கோணத்தைச் சரிபார்க்கவே இல்லை. 1 டிகிரி விலகினாலே 100 மீட்டர் தொலைவில் சுமார் 1.7 மீட்டர் தள்ளிப் பார்க்கும், அதாவது ஏறக்குறைய அரைத் தடம். பக்கத்துத் தடத்து வண்டிக்காகத் திடீரென்று பிரேக் விழலாம். நேர் எதிரே நிற்கும் வண்டி கண்ணில் படாமலும் போகலாம். அப்படியொரு காரில் என் குடும்பத்தை உட்காரவைத்து அனுப்பினார்கள்.

எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளும் முன், எல்லா மாட்யூல்களின் ஸ்கேன் அறிக்கையையும் அச்சிட்டு வாங்குங்கள். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கர சென்சார்களையும் ஒயர்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரேடாரைத் தொட்டால், அதன் கோணத்தைச் சரிபார்த்ததற்கான அளவுத்திருத்தச் சான்று கேளுங்கள். கழற்றிய பாகத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள். என்னுடையதைத் தர மறுத்துவிட்டார்கள்.