ஓ.யு. மாற்றங்களைக் கண்காணிப்பதாகச் சொல்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றியவர்கள் இப்போது அக்கரைப்பற்றிலும் அதே சேவைக்கு விலைமனு கொடுத்து வருகிறார்கள்.

எங்கள் தலைமை அலுவலகம் மட்டக்களப்பு நகரில், கிளை கல்முனையில். இரண்டிலும் டொமைன் கொன்ட்ரோலர், அதாவது பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் சர்வர், உண்டு. அந்தச் சர்வர்களில் இருக்கும் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில், பயனர்களையும் கணினிகளையும் தொகுத்து வைக்கும் எந்த ஓ.யு.வை (ஓர்கனைசேஷனல் யூனிட்) யார் உருவாக்கினாலும், நகர்த்தினாலும், அழித்தாலும் ஆளின் பெயரோடு பதிவாகும் என்று சொல்லி ஆண்டு ஒப்பந்தம் எழுதினார்கள். மாதம் தவறாமல் தடித்த அறிக்கை வந்தது. அதில் நிறைந்திருந்தது 4624 என்னும் உள்நுழைவுப் பதிவுகள்தான்.

பிறகு, கல்முனைக் கணக்குப் பிரிவின் ஓ.யு.வை யாரோ வேறோர் ஓ.யு.வுக்குக் கீழே நகர்த்திவிட்டார்கள். பென்டிரைவைத் தடுக்கும் குரூப் பொலிசி (கணினிகளுக்கான கட்டுப்பாட்டு விதி) பழைய மேல் ஓ.யு.வோடு இணைக்கப்பட்டிருந்ததால், அந்தக் கணினிகளுக்கு அது இல்லாமலே போனது. வாடிக்கையாளர்களின் விபரங்கள் முழுவதும் இருக்கும் கணினிகள் அவை!

யார் செய்தது என்று கேட்டோம். லொக் (சர்வரின் பதிவேடு) நிரம்பிப் பழையது அழிந்துவிட்டது என்றார்கள். அடுத்த கிழமை, இன்னொரு மென்பொருள் வாங்கினால்தான் தெரியும் என்று புதிய விலைமனு அனுப்பினார்கள். இரண்டும் பொய். வெளியிலிருந்து அழைத்த பொறியியலாளர் பார்த்துவிட்டு, "அண்ணன், அழிவதற்கு இங்கே எதுவும் எழுதப்படவே இல்லை" என்றார்.

அவர் காட்டியது இது. குரூப் பொலிசியில் ‘டைரக்டரி சேர்விஸ் சேஞ்சஸ்’ என்ற துணைப்பிரிவை இயக்குவது பாதி வேலைதான். டொமைனிலோ அந்தந்த ஓ.யு.விலோ செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் வழியாக ஓடிட்டிங் (கண்காணிப்புப் பதிவு) பக்கத்துக்குப் போய், யாருடைய எந்தச் செயலைப் பதிய வேண்டும் என்று உள்ளீடு சேர்க்க வேண்டும்; அது கீழுள்ள எல்லாவற்றுக்கும் பரவ வேண்டும். இவர்கள் அதைத் தொடவேயில்லை. அதோடு, மாற்றம் எந்தக் கொன்ட்ரோலரில் செய்யப்படுகிறதோ அதன் செக்யூரிட்டி லொக்கில்தான் பதிவு விழும், மற்றதற்குப் போகாது. இவர்களோ மட்டக்களப்புச் சர்வரிலிருந்து மட்டுமே அறிக்கை எடுத்திருக்கிறார்கள். கொன்ட்ரோலர்களுக்கிடையே மாற்றங்கள் பகிரப்படுவதைக் காட்டும் ரெப்அட்மின் கட்டளையால் கல்முனைச் சர்வரில் எந்த நேரம் நகர்த்தப்பட்டது என்பதை அறிய முடிந்தது. ஆள் யார் என்பதை அது சொல்லாது. பதியாமல் விட்டதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஓர் ஊழியர் மீது வீண் சந்தேகம் விழுந்ததும் இதனால்தான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘ஓடிட் செயற்படுத்தப்படும்’ என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறதாம், செயற்படுத்தியாயிற்றாம்.

ஆகவே காசோலையில் கையெழுத்திடும் முன், அவர்களை உங்கள் அருகில் இருத்திக்கொண்டு ஒரு சோதனை ஓ.யு. உருவாக்குங்கள். அதன் விளக்கக் குறிப்பை மாற்றி, வேறிடத்துக்கு நகர்த்தி, பிறகு அழியுங்கள். தவறுதலாக அழியாமல் காக்கும் தெரிவை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நகராது, அழியவும் செய்யாது. லொக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் உருவாக்கத்துக்கு 5137, மாற்றத்துக்கு 5136, நகர்வுக்கு 5139, அழிப்புக்கு 5141 என்னும் எண்களுள்ள பதிவுகள் உங்கள் பயனர் பெயரோடு வர வேண்டும். இதை ஒவ்வொரு கொன்ட்ரோலரிலும் தனித்தனியே செய்யச் சொல்லுங்கள். லொக்கை யாராவது துடைத்தால் விழும் 1102 என்னும் பதிவு உடனடியாக உங்களுக்கு அறிவிக்கப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.