தாய்லாந்து டால்பின் ஷோ: அப்பாவைக் கூட்டிப்போனது தப்பாகிவிட்டது

டிக்கெட் விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போவதற்கு முன் நானும் அதைத்தான் தேடினேன். பெரியவர்களுக்கு 1000 பாட், ஏழு வயதுப் பையனுக்கு 600. முன் மூன்று வரிசை வேண்டுமென்றால் தலைக்கு 200 கூடுதல். டால்பினோடு நீந்துவதற்குத் தனிக் கட்டணம், அதைக் கேட்டதுமே என் கணவர் பர்ஸை உள்ளே வைத்துவிட்டார். இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நம் ஊர் பேக்கேஜ்காரர்கள் மூன்றாம் நாள் காலையில் கூட்டிப்போகிற வகை இடம், போய் வந்தவர்களுக்குப் புரியும்.

வசதி என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஹோட்டல் வாசலிலேயே வேன் வந்தது. கழிப்பறை நம் மால்களை விடச் சுத்தம். அப்பாவுக்கு முழங்கால் வலி. படி ஏறத் தேவையில்லாமல் சரிவுப் பாதை இருந்தது, ஒரு பெண் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தலைக்கு மேல் கூரை. முன் வரிசையில் உட்கார்ந்தால் நனைவீர்கள், போனைப் பையில் போட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம்.

நிகழ்ச்சி 45 நிமிடம். முதலில் இரண்டு கடல்நாய்கள் வந்து கைதட்டின, வளையத்தைக் கழுத்தில் வாங்கின. அப்புறம் மூன்று டால்பின்கள். பந்தைக் கூடையில் போட்டன, பாட்டுக்கு வாலில் நின்று ஆடின, பயிற்சியாளரை மூக்கால் தள்ளிக்கொண்டு குளத்தைச் சுற்றின. ஒன்று வாயில் தூரிகையைக் கவ்விப் படம் வரைந்தது, அதை அங்கேயே ஏலம் விட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், நானும் கைதட்டினேன். மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எகிறியபோது பையன் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான்.

கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர் அப்பா ஒருவர்தான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர். 1970-ல், பதினாலு வயதில் வள்ளத்தில் ஏறியவர். அறுபது வரைக்கும் கடல்தான். எங்கள் பக்கம் டால்பினை ஓங்கில் என்போம். கடலாடிகளுக்கு ஓங்கில் மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. "வலையக் கிழிச்சு மீனத் தின்னுட்டுப் போற சவம்" என்று அப்பா திட்டிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதனால் இவர் விலங்குப் பாசத்தில் முகம் சுளித்தார் என்று நினைக்காதீர்கள். எல்லாரும் டால்பினைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பயிற்சியாளரின் இடுப்பில் தொங்கிய மீன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அந்த வாளியப் பாரு. கும்பளாதான். ஆனா ஐஸ் மீனு, கண்ணு வெளுத்துக் கெடக்கு."

கும்பளா என்றால் சென்னைக்காரர்களின் கானாங்கெளுத்தி. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு விசில், விசில் அடித்ததும் ஒரு துண்டு. நாங்கள் இருந்த இடத்திலிருந்து பயிற்சியாளரின் கை நன்றாகத் தெரிந்தது. ஒரு முழு மீனை எடுத்து, செவுளைத் தூக்கி, உள்ளே ஏதோ திணித்துப் போட்டார். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த ஒரு ஊழியரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே சொன்னார்: விட்டமின் மாத்திரை. உறைய வைத்து உருக்கிய மீனில் பி1 போன்ற சத்துகள் அழிந்துவிடும், அதனால் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நீர்ச்சத்தும் குறைந்துபோகும். ஓங்கில் கடல் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை, உடம்புக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கை மீனிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் சில இடங்களில் குழாய் வழியாகக்கூடத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். ஊழியர் இதை ஒளிக்கவில்லை, நல்ல பராமரிப்புக்கு அடையாளமாகத்தான் சொன்னார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமும்கூட.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "பிடிக்கிறத மறந்த பிராணிக்கு மருந்து குடுத்து என்ன செய்ய?"

அறிவிப்பாளர் நடுவில், "பாருங்கள், எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறது" என்றார். என் கணவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தாடை அமைப்பே அப்படித்தான், அது முகபாவம் இல்லை. கரையில் செத்து ஒதுங்கிய ஓங்கில்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். "ரெண்டு நாள் ஊறிக் கெடந்தாலும் அதே சிரிப்புத்தான் இருக்கும்."

இதையெல்லாம் எழுதினால் "பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களே" என்று யாராவது சொல்வார்கள். என் பையன் என்ன கற்றுக்கொண்டான் என்று அன்று ராத்திரி கேட்டேன். டால்பினுக்குப் படம் வரையப் பிடிக்கும், வாலில் நடக்கும் என்றான். ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் பிராணி அது, கூட்டமாகவே வாழும் பிராணி. 45 நிமிடத்தில் இதில் ஒன்றுகூட யாரும் சொல்லவில்லை. நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், போதாக்குறைக்கு ஸ்பீக்கர் சத்தம். காதால் பார்க்கிற பிராணிக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நமக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1990களின் கடைசியில் சென்னைக்குப் பக்கத்தில், மகாபலிபுரம் போகும் வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்குள் எல்லாமே செத்துப்போயின. 2013 மே மாதம் மத்திய அரசு, இந்தியாவில் எங்கேயும் டால்பின் காட்சியகம் தொடங்க அனுமதி கொடுக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று அறிவியலாளர்கள் சொல்வதையும் அதில் குறிப்பிட்டிருந்தது. இங்கே இல்லாததால் நாம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, எல்லாவற்றையும் கடலில் திறந்துவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஓர்கா என்பது டால்பின் குடும்பத்திலேயே பெரியது. கெய்க்கோ என்ற ஓர்காவை 1979-ல் குட்டியாக ஐஸ்லாந்துப் பக்கம் பிடித்தார்கள். பெரும் செலவில் திரும்பக் கொண்டுபோய்ப் பழக்கி, 2002-ல் கடலில் விட்டார்கள். அது நார்வேக் கரைக்குப் போய் மனிதர்களைத்தான் தேடியது, 2003 டிசம்பரில் இறந்தது. பழகிய பிராணியைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு கஷ்டம். கனடா 2019-ல் போட்ட சட்டம் எனக்குச் சரியாகப்படுகிறது: இருப்பவை இருக்கட்டும், கேளிக்கைக்காகப் புதிதாகப் பிடிக்காதே, குட்டி போட வைக்காதே.

ஹோட்டலுக்குத் திரும்பி அப்பாவிடம் டோக்கிட்டே பற்றிச் சொன்னேன். 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலில் வளைத்துப் பிடித்த ஓர்காக் குட்டி. மியாமியில் ஒரு தொட்டியில் வைத்தார்கள், மிக ஆழமான இடத்திலேயே 20 அடிதான். 2023-ல் கடலுக்குத் திருப்பி அனுப்பத் திட்டம் போட்டார்கள், அந்த ஆகஸ்டிலேயே அது இறந்துவிட்டது. அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "நான் வள்ளத்துல ஏறின வருசம்லா" என்றார். அப்புறம் டிவியைப் போடச் சொல்லிவிட்டார்.

சட்டகம் போட்ட போட்டோ 500 பாட். நாங்கள் வாங்கினோம், பையன் அழுதான். பிளாஸ்டிக் சட்டகம், மூலையில் கீறல். அதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது.

போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் டிக்கெட் ஏற்கெனவே பேக்கேஜில் சேர்ந்திருக்கும், போகத்தான் போவீர்கள் என்றும் தெரியும். போனால் நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். அப்பாவின் முழங்காலுக்காகக் கூட்டம் கலையட்டும் என்று நாங்கள் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து, கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தொட்டி தெரிந்தது. வித்தை காட்டியதில் ஒன்றை அதில் விட்டிருந்தார்கள். பாட்டு நின்றிருந்தது, குளோரின் வாடை மட்டும். அது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே மூலையில் மேலே வந்து 'ப்ஸ்' என்று மூச்சு விட்டது, மறுபடி கீழே போனது. அப்பா உதடு அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கை பிடித்து உட்கார வைத்த அதே பெண் வந்து, மூன்று மணிக் காட்சிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், எழுந்துகொள்ள முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"முப்பத்தி ரெண்டு" என்றார்.