தொழிற்சாலை றைபிளா, சொல்லிச் செய்வித்ததா?

ஒட்டாவாவின் கொனோட் சுடுதளத்தில் 1,000 யார் போட்டிகளுக்காகப் பல ஆண்டுகள் இரண்டு றைபிள்களை மாறி மாறிப் பயன்படுத்தினேன். ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தது. மற்றது ஒரு கைதேர்ந்த தொழிலாளரிடம் சொல்லிச் செய்வித்தது. இரண்டும் .308 வின்செஸ்டர் என்ற ரவைக்கானவை. நான் இப்போது கோப்பாயில் இருக்கிறேன். ரொறன்ரோவில் துப்பாக்கி உரிமம் எடுத்திருக்கும் மருமகன், "மாமா, என்ரை முதல் றைபிளையே செய்வித்து எடுக்கட்டுமா?" என்று கேட்கிறான். வேண்டாம் என்பதே என் பதில்.

செய்வித்ததன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. குழலின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் போல்டின் இரு பிடிகளிலும் மை தடவி, பல முறை பூட்டித் திறந்து பார்த்தேன். தொழிற்சாலை றைபிளில் ஒரு பிடியில்தான் மை அழிந்திருந்தது. செய்வித்ததில் இரண்டிலும் ஒரே சீராக அழிந்திருந்தது, அதாவது இரண்டும் சமமாகப் பற்றின. அந்த நேர்த்தியைப் பார்க்கவே மனம் நிறைந்தது. ஆனால் ரவை அமரும் அறையை இறுக்கமாகக் கடைந்திருந்ததால், கடையில் வாங்கிய ரவைகள் சில உள்ளே போக மறுத்தன.

இனிக் கணக்கைப் பாருங்கள். பாகையின் அறுபதில் ஒரு பங்கான ஒரு மினிட், 1,000 யாரில் சுமார் 10.5 அங்குலம். தொழிற்சாலை றைபிள் சன்னங்களை முக்கால் மினிட் அகலத்துக்குள் சுட்டது, செய்வித்தது அரை மினிட்டுக்குள். வித்தியாசம் மூன்று அங்குலத்துக்கும் குறைவு. அதே தூரத்தில் குறுக்குக் காற்று மணிக்கு ஒரு மைல் கூடினாலே 175 கிறெயின் எடையுள்ள சன்னம் ஏறக்குறைய பத்து அங்குலம் ஒதுங்கிவிடும். சோளகம், கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த மண்ணில் பிறந்த எனக்கே அந்த ஆற்றோரச் சுடுதளத்தின் காற்றுக் கொடிகளைப் படிக்க நீண்ட காலம் எடுத்தது. கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிப்பதை எந்த றைபிளும் செய்து தராது.

குழல் தேய்கிற பொருள் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ரவைகளுக்குப் பின் உள்ளே சிறு கமராவை விட்டுப் பார்த்தபோது, ரவை அறையை அடுத்த தொண்டைப் பகுதி வெயிலில் வெடித்த குளத்துச் சேறு போல இருந்தது. விலை உயர்ந்த குழலையும் நெருப்பு விட்டுவைக்காது, 6.5 கிறீட்மோர் ரவை என்றால் இன்னும் வேகமாகத் தேயும். ஆகவே தொழிற்சாலை உடலில் நல்ல குழலைப் பொருத்துவதே எனக்குப் பிடித்த வழி. சவேஜ் நிறுவனத்தின் றைபிள்கள் போன்றவற்றில் ஒரு நட்தான் குழலை இறுக்கிப் பிடிக்கிறது. ரவை அறையின் ஆழத்தைச் சரிபார்க்கும் அளவுமானிகள் இருந்தால் கடைசல் இயந்திரம் இல்லாமலே மாற்றிவிடலாம்.

மருமகனின் தாயான என் அக்காவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. போரை இந்த ஊரிலேயே இருந்து கடந்தவர். காகித இலக்கைத் தவிர வேறெதையும் நோக்கி நான் சுட்டதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மகனிடமும் அந்த உறுதியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அது நியாயமானது.

முதலில் தொழிற்சாலை றைபிள், நல்ல ஸ்கோப், மிச்சப் பணத்துக்கெல்லாம் ரவை. முதற்குழல் தேய்வதற்குள் தோளில் பதியும் தண்டின் நீளமும் விசையின் இழுவையும் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும். செய்விப்பதானால் அப்போது செய்விக்கட்டும். இருகாலியில் வைத்துச் சுடும் எப்-ரிஆர் போட்டிப் பிரிவில் இறங்குகிறவனின் றைபிள் இருகாலியும் ஸ்கோப்பும் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. குழலின் தடிப்பைத் தீர்மானிப்பதற்கு முன்பே இந்த எல்லையை றைபிள் செய்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.