பேரூராட்சியில் காரியம் முடிக்க இடையில் ஆள் வைக்காதீர்கள், எனக்கு 18,500 ரூபாய் போச்சு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நாலு நாள் போனால் "சரி விடு, போனது போச்சு" என்று மனசு சமாதானமாகிவிடும். அப்படிச் சமாதானமாகிறவர்களை நம்பித்தான் இந்த ஆட்கள் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். போனது 18,500 ரூபாய், அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். இனி யாரும் இப்படி மாட்டக்கூடாது, என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, எங்கள் சொந்த ஊர். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம், புகார் விசாரணையில் இருக்கிறது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். வீட்டு வரியை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், அப்பா கடைசியாக வரி கட்டிய ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். நான் புதுச்சேரியில் தனியார் வேலையில் இருக்கிறேன், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் கிடையாது. அதனால் ஒரே நடையில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது, மறுக்கவில்லை.

பேரூராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி பார்க்கிற சீட்டில் ஆள் இல்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் "எதிர்க்கடையில எழுதிட்டு வாங்க" என்றார். என்ன எழுத வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று கேட்டேன். "அவரே சொல்லுவார்" என்றார். அங்கே குடிமக்கள் சாசனம் என்று ஒரு பலகை இருக்கிறது, அதில் முக்கால்வாசியை ஒரு இரும்பு பீரோ மறைத்துக்கொண்டு நிற்கிறது. வலது ஓரம் மட்டும்தான் தெரிகிறது. 7 நாட்கள், 15 நாட்கள், 30 நாட்கள் என்று கீழே வரை வரிசையாக எழுதியிருக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் பீரோவுக்குப் பின்னால். அந்த பீரோவை ஒரு அடி நகர்த்தியிருந்தால் என் 18,500 ரூபாய் போயிருக்காது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

எதிர்க்கடை என்பது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு போட்ட சின்னக் கடை. அப்பாவின் இறப்புச் சான்றைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணன் பொண்ணா நீ? அவரு இங்கதாம்மா வந்து உக்காருவாரு, சர்க்கரை இல்லாம டீ வாங்கிக் குடுப்பேன்" என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது உண்மை. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அதே நேரம் அலுவலகத்து ஆள் ஒருவர் உள்ளே வந்து, உரிமையாக அவருடைய பேனாவை எடுத்து ஏதோ எழுதிவிட்டுப் போனார். சரி, இது அவர்களுக்கும் தெரிந்த இடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்கு இப்படிச் சொன்னார். வரி பாக்கி 11,000, பெயர் மாற்றத்துக்கு 2,500, "உள்ளே பார்த்துக்க" 5,000. பாக்கி எப்படி இவ்வளவு என்று கேட்டதற்கு, "2022ல வரியை இரட்டிப்பாக்கிட்டாங்கம்மா, வட்டி வேற" என்றார். 2022 ஏப்ரலில் வரி ஏறியது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் இரட்டிப்பு ஆகவில்லை. எங்கள் மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம்தான் உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேல் இருந்தால்தான் நூறு சதவீதம். எங்கள் வீடு 540 சதுர அடி. இதை எல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன்.

10,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன், அதுவும் அவர் நம்பருக்கு இல்லை, "மச்சான் நம்பர்ம்மா" என்று வேறொன்று கொடுத்தார். மீதி 8,500 ரொக்கம். ஒரு துண்டுச் சீட்டில் அப்பா பெயரை இனிஷியலோடு எழுதி, "ரூ. 18,500 பெற்றுக்கொண்டேன்" என்று போட்டு, வயலட் மையில் ஒரு ரப்பர் முத்திரை குத்தினார். முத்திரையைப் பார்த்ததும் அலுவலக ரசீது என்று நினைத்து பத்திரமாக மடித்து வைத்தேன். அது அவர் கடை முத்திரை. வரி விதிப்பு எண் இல்லை, ரசீது எண் இல்லை, தேதிகூட இல்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் போன்தான். சர்வர் வேலை செய்யவில்லை, செயல் அலுவலர் லீவு, ஃபைல் மேலே போயிருக்கிறது, அவர் வீட்டில் ஒரு துக்கம், இப்படியே போனது. "நம்பிக்கை இல்லன்னா காசைத் திருப்பி வாங்கிக்கம்மா" என்று ஒரு நாள் கோபமாகச் சொன்னார், நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

போன வாரம் நேரிலேயே போனேன். தபால் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கமாகத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க அம்மா பேர்ல மனுவே வரலையே" என்றார் அந்த சீட்டில் இருந்த பெண். கணினியில் பார்த்தால் பாக்கி 2,340 ரூபாய். அவ்வளவுதான் பாக்கி! 18,500 வாங்கியவர் அதில் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. எதிர்க்கடைக்கு அனுப்பியதே இந்த அலுவலகம்தானே என்று கேட்டேன். "நாங்க காசு குடுக்கச் சொன்னோமா? யார்கிட்ட குடுத்தீங்களோ அவங்களைக் கேளுங்க" என்று பதில். செயல் அலுவலரைப் பார்க்க மதியம் வரை உட்கார்ந்திருந்தேன், கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். காவல் நிலையத்தில் "நீங்களா விரும்பிக் குடுத்தது, சிவில் மேட்டர்" என்றார்கள். பொய் சொல்லிப் பணம் வாங்குவது எப்படி சிவில் ஆகும், அது பாரதிய நியாய சன்ஹிதா 318வது பிரிவு, பழைய 420 என்று சொல்லி நகராமல் நின்ற பிறகுதான் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த 5,000 எதற்கு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். 2018ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்திக் கேட்டு வேறு வழியில்லாமல் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். எனக்கு அந்த நாளெல்லாம் தாண்டிவிட்டது. நிறையப் பேர் புகார் கொடுக்காமல் ஒதுங்குவது இந்தப் பயத்தால்தான், அந்த ஆளுக்கும் இது நன்றாகத் தெரியும். "உள்ளே பார்த்துக்க" என்ற வார்த்தையை அவர் சேர்த்ததே நம் வாயை அடைக்கத்தான். இருந்தாலும் நான் புகாரில் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டிருக்கிறேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் முடிக்க வேண்டும், போன ஒரு வருஷத்தில் எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, வெளியாட்கள் மனு எழுத அனுமதி உண்டா என்று கேட்டிருக்கிறேன். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இதில் பாதியை யாரும் கேட்காமலே அவர்களாக வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4வது பிரிவே சொல்கிறது, 2005ல் வந்த சட்டம் அது.

விரிவாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மண்டை கொதிக்கிறது, இவ்வளவுதான் முடிகிறது. மனுவை நீங்களே எழுதி நீங்களே கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வரி பாக்கியை நகர்ப்புற உள்ளாட்சிகளின் இணையதளத்தில் வரி விதிப்பு எண் போட்டு நீங்களே பாருங்கள். அடுத்தவர் நம்பருக்கு ஜிபே வேண்டாம், ரொக்கம் வேண்டவே வேண்டாம், எனக்கு அந்த 8,500க்கு அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர ஆதாரமே இல்லை. அலுவலகத்தில் அலைக்கழித்தால் 1100க்குப் போன் செய்து "முதல்வரின் முகவரி" என்ற அரசுக் குறைதீர்ப்புப் பிரிவில் பதியுங்கள்.

வரும் திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்துக்கு அம்மாவோடு போகிறேன். வயலட் முத்திரை குத்திய இதே மாதிரி சீட்டு உங்கள் வீட்டு பீரோவிலும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், காலை பத்து மணிக்கு மனு பதியும் இடத்தில் இருப்பேன்.