கடலும் கரையோரக் காடும்: மூன்று நிஷ் பெர்ஃப்யூம்களில் எது?

கடல் வாசனை என்று சொல்லி விற்கும் பெர்ஃப்யூம்கள் ஏராளம். கடலோடு அதன் கரையில் நிற்கும் காட்டையும் சேர்த்துப் பிடித்தவை மிகக் குறைவு. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அடிபடும் மூன்று நிஷ் பெர்ஃப்யூம்கள் (பெரிய சந்தைக்காக இல்லாமல் சிறு நிறுவனங்கள் செய்பவை) இவை: ஓர்ட்டோ பாரிசியின் மெகாமாரே, இமேஜினரி ஆத்தர்ஸின் எவ்ரி ஸ்டார்ம் எ செரனேட், ப்ரொஃபூமும் ரோமாவின் அக்குவா தி சாலே. என் ஓட்டு கடைசியாகச் சொன்னதற்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உப்புக்கு வாசனை கிடையாது. கடற்கரையில் நம் மூக்கில் ஏறுவதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. நீரில் மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. அதோடு வெயிலில் காயும் கடற்பாசியின் வாடையும் சேரும். இதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் யாரும் பூசிக்கொள்ள மாட்டார்கள். அதனால் பெர்ஃப்யூம் செய்பவர்கள் காலோனைத் தேடிப் போகிறார்கள். 1966-இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்த மூலப்பொருள் அது. தர்பூசணியும் சிப்பியும் கலந்த மாதிரி மணக்கும். 1990-களில் வந்த லோ டிஸ்ஸே, அக்குவா தி ஜியோ எல்லாம் அதை நம்பி வந்தவைதான். அளவு தாண்டினால் கடல் காணாமல் போய்ப் பழம் மட்டும் மிஞ்சும். அதைக் கட்டுக்குள் வைப்பதற்குப் பின்னால் ஏதாவது ஒரு மரமோ இலையோ வேண்டும். நான் இந்த மூன்றையும் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

மெகாமாரே 2019-இல் வந்தது. செய்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ குவால்டியேரி, நாசோமாட்டோ என்ற பெர்ஃப்யூம் நிறுவனத்தை நடத்தும் அதே இத்தாலியர். இதில் கடல் இருக்கிறது, அதுவும் பிரம்மாண்டமாக. பாசி, உப்புக் காற்று, அடியில் ஆம்ப்ராக்ஸன் என்ற செயற்கை மணப்பொருள், கஸ்தூரி. சட்டையில் பட்டால் மறுநாளும் போகாது. ஆனால் காடு? செடார் மரம் இருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அது எட்டவே இல்லை, ஆம்ப்ராக்ஸன் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நடுக்கடலில் நிற்க ஆசைப்படுபவர்களுக்கு இது சரி. கரை வேண்டுபவர்களுக்கு இல்லை.

எவ்ரி ஸ்டார்ம் எ செரனேட் நேர் எதிர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டில் ஜோஷ் மையர் நடத்தும் சின்ன நிறுவனத்தின் தயாரிப்பு. ஆனால் மனதில் வைத்திருப்பது டென்மார்க் பக்கத்துக் கடற்கரையை. நிறுவனம் தரும் பட்டியலில் டென்மார்க் ஸ்ப்ரூஸ், யூகலிப்டஸ், வெட்டிவேர், காலோன், அம்பர்கிரீஸ் (ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மணப்பொருள்), அப்புறம் பால்டிக் கடல் மூடுபனி. ஸ்ப்ரூஸ் ஊசியிலையின் குளிர்ச்சியான பிசின் மணம் உண்மையிலேயே அழகு. அதற்கும் காலோனுக்கும் நடுவில் வெட்டிவேர் ஈரமண்ணாக நின்று இரண்டையும் பிணைக்கிறது. நம் ஊர் மூக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. முதல் சில நிமிடம் யூகலிப்டஸ் தூக்கலாக வரும், ஜலதோஷத்துக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலம் நினைவுக்கு வந்தே தீரும். பொறுத்துக்கொண்டால் மழை பெய்து ஓய்ந்த குளிர்க்கரை கிடைக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்பதுதான் குறை.

அக்குவா தி சாலேவில் சொல்லப்படுபவை நான்கே பொருள்கள்: கடற்பாசி, உப்பு, மிர்ட்டில், செடார். மத்தியதரைக் கடலோரத்தில் பெரிய மரங்களைவிடப் புதர்க்காடுகள்தான் அதிகம். இத்தாலியில் அதற்கு மாக்கியா என்று பெயர். மிர்ட்டிலும் ஜூனிப்பரும் பாறை விளிம்புவரை இறங்கி, கடல் தெறிக்கும் இடத்தில் வளரும். மிர்ட்டில் நம் கொய்யா, நாவல் குடும்பத்துச் செடி. யூகலிப்டஸும் அதே குடும்பம்தான். இரண்டின் எண்ணெயிலும் சினியோல் என்ற பொருள் இருக்கிறது, அந்தச் சில்லிப்பு அதனால் வருவது. ஆனால் மிர்ட்டிலில் அது தைலமாக முகத்தில் அறைவதில்லை. இலையைக் கசக்கி முகர்ந்ததுபோல் ஒரு கசப்பும் கூடவே வரும்.

கையில் அடித்ததும் முதலில் எழுவது காய்ந்த பாசியின் அயோடின் நெடி. சிலர் இங்கேயே முகம் சுளிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். அரை மணிநேரத்தில் பாசி தணிந்து அந்தக் கசப்பிலை மேலே வரும், அடியில் செடார் காய்ந்த கட்டையாக நிற்கும். பாசி போய்விடுவதில்லை, வியர்க்கும்போது திரும்பவும் தலைகாட்டும். மற்ற இரண்டில் ஒன்று கடலில் முடிகிறது, இன்னொன்று காட்டில் முடிகிறது. இது மட்டும்தான் இரண்டும் சந்திக்கும் அந்தக் குறுகிய இடத்தில் கடைசிவரை நிற்கிறது.

ஜேம்ஸ் ஹீலியின் செல் மரினையும் சேர்க்கச் சொல்வார்கள். எலுமிச்சையும் பீச் (beech) மரத்தின் இலையுமாக நல்ல சுத்தமான படைப்புதான். ஆனால் அதில் நான் உணர்வது கரைக்காற்றை மட்டுமே.

பட்டியல்களில் அம்பர்கிரீஸைப் பார்த்துச் சிலர் தயங்குகிறார்கள். இந்தியாவில் ஸ்பெர்ம் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அம்பர்கிரீஸை வைத்திருப்பதே குற்றம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பிடிபட்ட செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். இன்றைய பெர்ஃப்யூம்களில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் ஆம்ப்ராக்ஸன். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் ஸ்க்ளாரியோலை வைத்து அதைச் செய்கிறார்கள், திமிங்கலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மெகாமாரேவை ஒரே ஒரு ஸ்ப்ரேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் சட்டைக்குள்ளே. எவ்ரி ஸ்டார்மை ஏசி அறையிலும் மலைப் பயணத்திலும் தாராளமாக அடிக்கலாம். அக்குவா தி சாலேவின் எண்ணெய்ச் செறிவு அதிகம், வெள்ளைத் துணியில் கறை விழலாம், தோலில் மட்டும் போடுங்கள். மூன்றுமே விலை கூடியவை என்பதால் முழு பாட்டிலுக்குப் போகுமுன் சாம்பிள் வாங்கி, வெயிலில் ஒரு நாளும் மழையில் ஒரு நாளும் போட்டுப் பாருங்கள். கடற்பாசி வாடை உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்பது வெயில் நாளிலேயே தெரிந்துவிடும்.