கால் பங்கு படம்: ப்ளூ-ரே பிளேயருடன் எட்டு மாதம்

"டீச்சர், கால் எங்கே?"

கேட்டவளுக்குப் பத்து வயது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் என் பரத மாணவிகள் மூவரை உட்கார வைத்து, நடனக் கலைஞர் குமாரி கமலா ஆடும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் நடனக் காட்சியைத் தொலைக்காட்சியில் போட்டிருந்தேன். மாதச் சந்தா கட்டும் ஓடிடி தளம் ஒன்றில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பரத ஆசான் வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவியான கமலா ஆடுவதை என் மாணவிகள் பார்க்கப்போகிறார்கள் என்று அவர்களின் அம்மாக்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நடனப் பகுதியை முடித்துவைக்கும் தாளக் கோவையான தீர்மானம் தொடங்கியது. ஜதி கேட்கிறது, சலங்கை கேட்கிறது, திரையில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய 4:3 என்ற விகிதத்தில், சதுரத்தைவிடச் சற்றே அகலமாக எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சி 16:9. படத்தை அதன் வடிவத்திலேயே காட்டி இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவதே முறை. கறுப்புப் பட்டை பிடிக்காத யாரோ ஒருவர் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பிவிட்டால், உயரத்தில் கால் பங்கு காணாமல் போகும். மேலே நெற்றிச்சுட்டியும் கீழே பாதமும் போய்விடும். இருவர் நின்று பேசும் காட்சியில் இது யாருக்கும் உறைக்காது. பரதத்தில் அந்தக் கால் பங்கில்தான் பாதி நடனம் இருக்கிறது. மெய்யாகவே எனக்குக் கோபம் வந்தது. இன்னும் வருகிறது.

அந்த வாரமே, டிவிடியையும் ஓட்டும் ப்ளூ-ரே பிளேயர் தேட ஆரம்பித்தேன். புதிதாக வாங்குவது எளிதாக இல்லை. ஓப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பையே கைவிட்டது. சாம்சுங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல்கள் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டது. கடைசியில் பழைய பொருள்களை விற்கும் கரோசல் செயலியில், இன்னும் கூர்மையான 4K வட்டுகளையும் ஓட்டும் பிளேயர் ஒன்று 140 வெள்ளிக்குக் கிடைத்தது. காத்திப் எம்ஆர்டி நிலையத்தின் நுழைவாயிலருகே ஓர் இளைஞர் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே பத்துப் பன்னிரண்டு வட்டுகளையும் இலவசமாகத் தந்தார், வீடு மாறுகிறாராம். இந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை. ஆகவே பெயரைச் சொல்லிப் பயனில்லை. நான் சொல்லப்போவது வட்டு ஓட்டும் எந்தப் பிளேயருக்கும் பொருந்தும்.

என் அம்மா வைத்திருந்த டிவிடிகளில் அதே படம் இருந்தது. சிராங்கூன் சாலையில் பூக்கடைக்குப் பக்கத்தில் டிவிடிக் கடைகள் வரிசையாக இருந்த காலத்தில் வாங்கியது. போட்டவுடன் முதலில் திகைத்தேன்: கால் தெரிகிறது, ஆனால் எல்லோரும் பருத்துத் தெரிகிறார்கள். தொலைக்காட்சி படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருந்தது. முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி அளவுக்கு மீறி அகன்று தெரிந்தது. தொலைக்காட்சியின் படவடிவ அமைப்பை 4:3க்கு மாற்றியதும் சரியாயிற்று. வாங்குபவர்கள் இதை முதலில் செய்யுங்கள்.

பிறகு நடந்ததற்காகவே நான் இந்தப் பிளேயரைப் பரிந்துரைப்பேன். தொலையியக்கியில் மெதுவாக ஓட்டும் பொத்தான் இருக்கிறது. நிறுத்திவிட்டு ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நகர்த்தலாம். டிவிடியில் தொடக்கம் ஒன்றும் முடிவு ஒன்றும் குறித்துவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும். குதித்து மெட்டடவு என்ற அடவு வரும் நான்கு விநாடியை அப்படிப் பிடித்து வைத்தேன். கமலா முன்பாதத்தில் குதித்து ஊன்றுகிறார், குதிகால் இறங்குகிறது. ஒவ்வொரு சட்டமாக நகர்த்தியபோது, குதிகால் இறங்கும்போது முழங்கால் சிறிதும் நிமிரவில்லை என்பது தெரிந்தது. இடுப்பு மட்டம் அப்படியே நிற்கிறது. இதை நான் சமூக மன்ற வகுப்பில் ஆறு ஆண்டுகளாக வாயால் சொல்லிவருகிறேன். அன்றைக்கு மூன்று பெண்களும் திரைக்கு முன்னால் தரையில் படுத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுக்காரி எழுந்து ஒருமுறை செய்து காட்டினாள். முழங்கால் நிமிரவில்லை.

என் தொலைக்காட்சியில் உள்ள ஓடிடி செயலியிலோ பத்து விநாடி முன்னே, பத்து விநாடி பின்னே, அவ்வளவுதான். பத்து விநாடியில் ஒரு தீர்மானமே முடிந்துவிடும்.

டிவிடியின் குறைகளை மறைக்கக் கூடாது. அதன் படம் 720க்கு 480 புள்ளிகள்தான். ஓடிடியில் வந்த அதே படத்தில் கமலாவின் முகம் இன்னும் தெளிவாக இருந்தது, கண்ணசைவைப் படிக்க அதுவே மேல். டிவிடியின் வலது மூலையில் வெளியிட்ட நிறுவனத்தின் முத்திரை படம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்துக்கு ஓடிடி, காலுக்கு டிவிடி என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன்.

ப்ளூ-ரே வட்டு இருந்தால் அந்தச் சங்கடமும் இல்லை. இளைஞர் தந்தவற்றில் நடனக் காட்சி உள்ள ஒரு வண்ணப் படம் இருந்தது. அது ஓடிடியிலும் இருந்ததால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அசையாமல் நிற்கும்போது வேறுபாடு காண்பது கடினம். ஆடுபவர் சுழன்றதும் தெரிந்துவிட்டது. ஓடிடியில் ஆடையின் விசிறி மடிப்பு ஒரே சிவப்புத் திட்டாகக் குழைந்து, சிறுசிறு கட்டங்களாகச் சிதறி, நின்ற பிறகுதான் மீண்டும் மடிப்பானது. ப்ளூ-ரேயில் சுழலும்போதே மடிப்பை எண்ணலாம், ஜரிகை ஓரம் தனியாகத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பு இருக்கிறது, பிறகு ஏன் இப்படி என்று என் கணவர் கேட்டார். குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவர்கள் திறந்துவிடும் தண்ணீர்தானே வரும்? 4K படத்துக்கே 15 மெகாபிட் வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். சாதாரண ப்ளூ-ரே வட்டு படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை கொடுக்கும். 4K வட்டு நூறையும் தாண்டும். அசைவு குறைந்த காட்சிக்குச் சிறிய அளவு போதும். சுழற்சிக்குப் போதாது.

நாட்டியம், சங்கீதம் தொடர்புள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள். பால் (PAL) என்னும் முறையில் பதிந்த டிவிடிகள் அதை 25 சட்டங்களாக ஓட்டுகின்றன. படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும், ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். என்னிடமுள்ள ஒரு வட்டில் பாட்டோடு சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தேன்; எந்தக் கட்டையிலும் (சுருதி அளவிலும்) உட்காரவில்லை. ஜதிக்குக் காலப்பிரமாணம், அதாவது வேகம், எடுக்க அந்த வட்டை நம்ப முடியாது. உறையின் பின்புறம் 'என்டிஎஸ்சி' (NTSC) என்ற மற்றொரு முறையின் பெயர் இருந்தால் இந்தத் தொல்லை இருக்காது.

நம் ஊர் ஈரக்காற்று வட்டுகளுக்கு எதிரி. அம்மாவின் பெட்டியைத் திறந்தபோது பாதி உறைகளில் பூஞ்சை, சில வட்டுகள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, நிறையத் தண்ணீர், மெல்லிய துணி. நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் சுருள் பாதையில் பதிந்திருக்கிறது. அந்தப் பாதையோடு ஓடும் கீறல் நீண்ட பகுதியை அழித்துவிடும்; குறுக்கே விழும் கீறலைப் பிளேயரே திருத்திக்கொள்ளும். நாற்பது வட்டுகளில் முப்பத்து நான்கு பிழைத்தன. இப்போது அவை புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் இருக்கின்றன. பிளேயரைவிடப் பெட்டிக்குத்தான் அதிகம் செலவானது.

ஒரு வட்டார வட்டு இன்னொரு வட்டாரப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் வட்டாரப் பூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடியில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. ப்ளூ-ரேயில் நாம் ஏ, இந்தியா சி. சென்னையில் ஆசையாய் வாங்கிய ஒரு ப்ளூ-ரே இங்கே ஓடவில்லை. பல தமிழ் வட்டுகளில் பூட்டே கிடையாது, ஆனால் உறையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 4K வட்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஓடிடியை நான் நிறுத்தவில்லை. என் மாமியார் மீவாட்ச் என்ற இணையத் தளத்தில் இங்குள்ள தமிழ் ஒளிவழியான வசந்தத்தின் நாடகங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறார், அதற்குக் காசும் இல்லை. புதுப் படங்களைப் பிள்ளைகளோடு பார்க்கச் சந்தா ஒன்று போதும். ஒருமுறை பார்க்கும் படத்துக்கு யார் வட்டு வாங்குவார்கள்? ஆனால் பாடம் நடத்த அதை நம்பியிருந்தேனே, அது என் தவறு. ஆண்டு நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நான் குறித்து வைத்திருந்த இன்னொரு படம் அந்தத் தளத்திலிருந்து போய்விட்டது. உரிமக் காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். முன்னறிவிப்பு ஏதும் என் கண்ணில் படவில்லை. ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் வெறுந்திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தின் டிவிடி இப்போது கரோசலில் எட்டு வெள்ளிக்கு வந்திருக்கிறது. விற்பவரிடம் உறையின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 4:3, என்டிஎஸ்சி, எல்லா வட்டாரமும். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு அங் மோ கியோ நிலையத்தில் சந்திக்கிறோம்.